மூன்று வருடச் செடித் தொட்டி: அடிக்கல்லை மாற்றலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் செடி வைத்த ஒரு மீன் தொட்டி இருக்கிறது. வைத்து மூன்று வருடம் ஆகிறது. அடியில் கடையில் கொடுத்த வெள்ளை மார்பிள் சிப்ஸ் போட்டிருக்கிறோம். பத்துப் பன்னிரண்டு நியான் டெட்ரா, ஐந்து கோரிடோரஸ். ஒரு டாப் ஃபில்டர் ஓடுகிறது. வாலிஸ்நேரியா காடாக வளர்கிறது. அமேசான் ஸ்வார்டின் புது இலைகளோ வெளிறிப்போய் வருகின்றன, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. கிரிப்டோகோரைன் நட்ட அளவிலேயே நிற்கிறது. கோரிகளின் மீசை தேய்ந்துகொண்டே வருகிறது. நாங்கள் பயன்படுத்துவது மாநகராட்சித் தண்ணீர். குழாயில் டி.டி.எஸ். 240, தொட்டியில் 510. பி.எச். 8.2 காட்டுகிறது. கடைக்காரர், "எல்லாவற்றையும் காலி பண்ணி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, அக்வா சாயில் போடுங்கள், ஒரே நாளில் முடிந்துவிடும்" என்கிறார். என் கணவர், "ஓடுகிற தொட்டியைக் கிண்டாதே" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, திருச்சி

பதில்: இருவரும் பாதி சரி. கல்லை மாற்றத்தான் வேண்டும், அதை ஒரே நாளில் செய்வதும் நல்லதுதான். ஆனால் பிளீச்சிங் பவுடர் கூடாது, அக்வா சாயிலும் உங்களுக்கு வேண்டாம். உங்கள் கணவரின் பயத்துக்கும் நியாயம் இருக்கிறது. மூன்று வருடம் ஓடிய தொட்டியைத் தயாரிப்பில்லாமல் கிண்டினால் மீன்கள் சாகும். அதனால் அந்த ஒரு நாளுக்கு முன்னால் ஒரு மாத வேலை இருக்கிறது.

குற்றவாளி கல்தானா?

முதலில் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் ஏற்றும். கார்பன் டை ஆக்சைடு விடும் தொட்டியில் இன்னும் வேகமாகக் கரையும்.

ஆனால் டி.டி.எஸ். 240-இலிருந்து 510 ஆனதற்குக் கல் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. திருச்சி வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு மேலே மேலே ஊற்றிக்கொண்டு, பழைய தண்ணீரை எடுக்காமல் விட்டால், கல்லே இல்லாத தொட்டியிலும் டி.டி.எஸ். ஏறும்.

ஒரு சின்னச் சோதனை போதும். இரண்டு கண்ணாடி ஜாடிகளில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள். பிடித்தவுடன் பி.எச். பார்த்தால் தவறாகக் காட்டும், ஏனென்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிய பிறகுதான் உண்மையான அளவு தெரியும். மறுநாள் ஒரு ஜாடியில் மட்டும் கழுவிய மார்பிள் சிப்ஸைக் கால் பங்கு போட்டு, இரண்டையும் மூடி ஒரு வாரம் வையுங்கள். பிறகு இரண்டிலும் டி.டி.எஸ்., பி.எச். பாருங்கள். முடிந்தால் கார்பனேட் கடினத்தன்மையை அளக்கும் சொட்டு மருந்து கிட்டையும் பயன்படுத்துங்கள். கல் போட்ட ஜாடியில் தெளிவாக ஏறியிருந்தால் கல் குற்றவாளி. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் குற்றம் தண்ணீர் மாற்றும் பழக்கத்தில் இருக்கிறது. அப்போது கல்லைத் தொடாமல், வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

போர் தண்ணீர் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் இதே சோதனைதான். குழாயிலேயே கடின நீர் வந்தால் எந்தக் கல்லைப் போட்டாலும் தொட்டி கடின நீராகத்தான் இருக்கும்.

உங்கள் செடிகள் சொல்லும் சாட்சியம் கல்லுக்கு எதிராகவே இருக்கிறது. வாலிஸ்நேரியா தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும் செடி. கடின நீர் அதற்கு விருந்து. புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது இரும்புச் சத்துப் பற்றாக்குறையின் அடையாளம். பி.எச். 8-ஐத் தாண்டினால் தண்ணீரில் இரும்பு இருந்தாலும் செடிக்கு எட்டாமல் படிந்துவிடும். ஸ்வார்டும் கிரிப்டோகோரைனும் வேரால் சாப்பிடும் செடிகள். மார்பிள் சிப்ஸில் அவற்றின் வேருக்கு எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை.

கோரியின் மீசைக்கு இரண்டு எதிரிகள்: கல்லின் கூர்மை, கல்லுக்கு நடுவில் தேங்கும் அழுக்கு. கோரி மணலை வாயில் அள்ளி, இரையை எடுத்துக்கொண்டு, மணலைச் செவுள் வழியே விடும் மீன். சிப்ஸில் அது அந்த வேலையைச் செய்யவே முடியாது. மணல் போட்டு அடி சுத்தமாக இருந்தால், அடி வரை அழியாத மீசை மெல்ல மீண்டும் வளரும்.

அக்வா சாயில் ஏன் வேண்டாம்?

சுட்ட களிமண் குருணைதான் அக்வா சாயில். அதைப் போட்டு அமைக்கும் செடித் தொட்டியை உலகம் முழுக்கப் பரப்பியவர் ஜப்பானின் தகாஷி அமானோ. 1982-இல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் ஏ.டி.ஏ. அந்த மண் பி.எச்.சைக் குறைக்கும், கார்பனேட்டை உறிஞ்சும், வேருக்கு உணவு தரும். எல்லாம் உண்மை. ஆனால் மூன்று தடைகள் இருக்கின்றன.

ஒன்று, புதிய சாயில் முதல் சில வாரங்கள் அம்மோனியாவைக் கசியவிடும். அதுவரை மீன்களை வேறு தொட்டியில் வைத்திருக்க வேண்டும். உங்களிடம் இரண்டாவது தொட்டி இல்லை. இரண்டு, கார்பனேட்டை உறிஞ்சும் சக்திக்கு ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் அது செலவாகிறது. மென்னீர் உள்ள ஊரில் நீண்ட நாள் நிற்கும், நம் ஊர்த் தண்ணீரில் சீக்கிரம் தீரும். மூன்று, இரண்டு மூன்று வருடத்தில் குருணை நொறுங்கிச் சேறாகும். அப்போது இதே கேள்வியோடு மீண்டும் எழுதுவீர்கள்.

தோட்ட மண்ணை அடியில் போட்டு மேலே கல்லால் மூடும் முறையும் இருக்கிறது. அமெரிக்காவின் டயானா வால்ஸ்டட் 1999-இல் வெளியிட்ட 'எக்காலஜி ஆஃப் தி பிளான்டட் அக்வேரியம்' என்ற நூலால் அது பிரபலமானது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்குச் செலவில்லாத நல்ல முறை. ஆனால் அன்றே மீனை விட வேண்டிய தொட்டிக்கு அது ஏற்றதல்ல. செடியை ஒருமுறை பிடுங்கினால் சேறு மேலே வரும்.

உங்களுக்கு நான் சொல்வது, தண்ணீரோடு வினை புரியாத, விளிம்பு மழுங்கிய, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் மணல். கூடவே வேருக்கு உர மாத்திரை. தண்ணீர் சுத்திகரிப்புக் கருவிகளுக்குச் சலித்துத் தரும் ஃபில்டர் மணல் இதற்குப் பொருந்தும். பக்கத்தில் கட்டட வேலைக்கு வைத்திருக்கும் எம் சாண்ட் வேண்டாம். அது உடைத்த பாறை, ஒவ்வொரு துகளும் கூர்மை. கடற்கரை மணலில் கிளிஞ்சல் தூள் இருக்கும், மறுபடியும் மார்பிள் கதைதான். எந்த மணலானாலும் ஒரு கைப்பிடியை உலர்த்தி அதன்மேல் வினிகர் சொட்டுங்கள். நுரைத்தால் கார்பனேட் இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அளவு: முன்பக்கம் 4 செ.மீ., பின்பக்கம் 7 செ.மீ. வருமாறு உங்கள் தொட்டிக்குச் சுமார் 23 லிட்டர் மணல் வேண்டும். எடையில் ஏறத்தாழ 35 கிலோ. அதற்கு மேல் ஆழம் வேண்டாம். ஆழமான நுண்மணலில் காற்றுப் போகாத இடங்கள் உண்டாகும்.

எதைக் காப்பாற்ற வேண்டும்?

மீன் கழிவிலிருந்தும் மிச்ச இரையிலிருந்தும் அம்மோனியா வருகிறது. ஒரு கூட்டம் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவதைச் செடி சாப்பிடும், மீதி தண்ணீர் மாற்றும்போது போய்விடும். இந்தப் பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதில்லை. பரப்புகளில் ஒட்டி வாழ்கிறது: ஃபில்டர் ஸ்பாஞ்சில், செராமிக் வளையத்தில், கல்லில், கண்ணாடியில், செடியின் இலையில். கல்லை எடுத்தால் அந்தப் பங்கு போய்விடும். அதனால்தான் பிளீச்சிங் பவுடர் கூடாது என்கிறேன். கல்லோடு போவது ஒரு பங்கு, கழுவினால் மொத்தமும் போய்விடும்.

உங்களுக்கு இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. அம்மோனியாவில் விஷமான பங்கு பி.எச்.சோடு சேர்ந்து ஏறும். 28 டிகிரி தண்ணீரில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் அந்தப் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. உங்கள் 8.2-இல் ஏறத்தாழ நூற்றில் பத்து. மென்னீர்த் தொட்டிக்காரர் கவனிக்காமலே கடந்துவிடும் அம்மோனியா உங்கள் தொட்டியில் மீனைக் கொல்லும்.

ஆகவே வேலைக்கு ஒரு மாதம் முன்பே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாங்கித் தொட்டியில் ஏர் பம்ப் வைத்து ஓடவிடுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் அதில் பாக்டீரியா குடியேறும். கல் வெளியே போகும் நாளில் டாப் ஃபில்டரும் ஸ்பாஞ்சும் சேர்ந்து சுமையைத் தாங்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கல்லுக்கு அடியில் தட்டு வைத்த அண்டர் கிராவல் ஃபில்டர் மட்டும் வைத்திருப்பவர்களுக்குக் கல்தான் ஃபில்டர். அவர்கள் வேறு ஃபில்டரை ஆறு வாரமாவது ஓட்டாமல் ஒரு கல்லைக்கூட எடுக்கக்கூடாது.

மூன்றில் ஒரு பங்காக மாற்றலாமா?

வாரத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்து மாற்றினால் பாக்டீரியா தப்பிக்கும் என்று பலர் சொல்வார்கள். மேலாகக் கல் பரப்பிய, அழுக்குச் சேராத இளம் தொட்டிக்கு அது சரி. மூன்று வருடம் வேரோடிய தொட்டியில் அது தவறு. கல்லுக்கு அடியில் காற்றுப் போகாத கருப்புத் திட்டுகள் இருக்கும். கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. மீன் உள்ளே இருக்கும்போது மூன்று வாரம் மூன்று தடவை அதைக் கிளறுவதைவிட, மீனை வெளியே எடுத்து ஒரே தடவையில் முடிப்பது பாதுகாப்பானது.

கத்திரி வெயிலில் மட்டும் செய்யாதீர்கள். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். மார்கழி, தை சரியான காலம்.

அந்த ஒரு நாள்

முதல் நாளே இரை போடாதீர்கள். மணலைத் தண்ணீர் கலங்காமல் ஓடும்வரை கழுவி வையுங்கள். இதற்கு நினைப்பதைவிட அதிக நேரம் பிடிக்கும். சோப்பே படாத ஒரு 60 லிட்டர் டிரம், இரண்டு மூன்று பெரிய பக்கெட், வலை, சைஃபன் குழாய், குப்பை அள்ளும் புதிய பிளாஸ்டிக் முறம் ஒன்று, இவை கையில் இருக்க வேண்டும். குளோரின் போக்கிய தண்ணீரையும் முன்பே பிடித்து வையுங்கள்.

காலையில் ஃபில்டரை நிறுத்துங்கள். எதையும் கிளறாமல், மேலிருந்து தெளிந்த தண்ணீரை டிரம்மிலும் பக்கெட்டுகளிலும் எடுங்கள். தொட்டித் தண்ணீரில் பாதிக்குமேல் சேமித்தால் நல்லது. ஸ்பாஞ்ச் ஃபில்டரை டிரம்முக்கு மாற்றி ஓடவிடுங்கள். டாப் ஃபில்டரின் ஸ்பாஞ்ச், வளையங்களை ஒரு பக்கெட் தொட்டித் தண்ணீரில் மூழ்கவைத்து ஏர் ஸ்டோன் போடுங்கள். காய்ந்தாலும் காற்றில்லாமல் கிடந்தாலும் பாக்டீரியா செத்துவிடும். அதைக் குழாயடியில் கழுவுவது அன்றைக்கும், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு வாரத்துக்கும் தடை.

அடுத்து கட்டைகளும் வாலிஸ்நேரியாவும். பெரிய ஸ்வார்டை மீன் இருக்கும்போது பிடுங்காதீர்கள், அதன் வேர்தான் அடிவரை போயிருக்கும். ஒரு சாண் தண்ணீர் மிஞ்சும்போது மீன்களைப் பிடியுங்கள். மறைவிடமும் ஆழமும் இல்லாததால் துரத்தாமலே வலைக்கு வரும். கோரியின் முள் வலையில் சிக்கும். வலையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு, ஒரு டப்பாவால் கோரியை ஓட்டி அள்ளினால் காயம் படாது. டிரம்மை மூடி வையுங்கள், டெட்ரா குதிக்கும்.

இனி ஸ்வார்டையும் கிரிப்டோகோரைனையும் எடுக்கலாம். ஸ்வார்டின் நீண்ட வேரை நான்கு விரல் நீளத்துக்குக் கத்தரியுங்கள். எல்லாச் செடியையும் ஈரத் துணி போர்த்தித் தட்டில் வையுங்கள்.

மிச்சத் தண்ணீரோடு கல்லை முறத்தால் அள்ளுங்கள். கண்ணாடி மூலைகளின் சிலிக்கான் மீது முறத்தின் விளிம்பு படக்கூடாது. கல்லும் தண்ணீரும் இருக்கும்போது தொட்டியைத் தூக்கவோ சாய்க்கவோ கூடாது, ஒட்டு விட்டுவிடும். அடியில் இருக்கும் கருப்புச் சேறு முழுக்கப் போகட்டும். அது பூந்தொட்டிகளுக்கு நல்ல உரம். கண்ணாடியின் பக்கச் சுவர்களைத் தேய்க்க வேண்டாம். சேறு படாத மேல்மட்டக் கல்லில் இரண்டு கைப்பிடியை மட்டும் பழைய நைலான் சாக்ஸில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் கிடந்தால் அதிலிருக்கும் பாக்டீரியா புது மணலுக்குப் பரவும். பிறகு எறிந்துவிடலாம்.

மணலைப் பரப்பி, ஸ்வார்டும் கிரிப்டோவும் வரும் இடங்களில் வேர் மாத்திரையை அடிவரை அழுத்துங்கள். மணல்மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். பாதி நிறைந்ததும் நடுங்கள். ஸ்வார்டின் குருத்து மணலுக்கு மேலே இருக்க வேண்டும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் வாங்கினால் அவற்றின் கிழங்கை மணலில் புதைக்காதீர்கள், அழுகும். கட்டையில் கட்டுங்கள்.

நிரப்பும்போது ஒரு கவனம். உங்கள் மீன்கள் 510-க்குப் பழகியவை. முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் ஒரே நாளில் 240-க்கு இறங்கும், அது அதிர்ச்சி. சேமித்த தண்ணீரில் பாதி, புதிதில் பாதி. மீதி இறக்கத்தை வாராந்திரத் தண்ணீர் மாற்றம் பார்த்துக்கொள்ளும். ஃபில்டர்கள் இரண்டையும் ஓடவிட்டு, கலங்கல் தணிந்ததும் டிரம்மில் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அரை மணி நேரம் கழித்து மீனை விடுங்கள்.

அதன் பிறகு

முதல் வாரம் தினமும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள், இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நிறம் மாறத் தொடங்கினாலே அன்றைக்கே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். மீன்கள் மேல்மட்டத்தில் வாய் பிளந்தால் டெஸ்ட் முடிவுக்குக் காத்திருக்காமல் மாற்றுங்கள். இரண்டு வாரமும் இரை பாதி, விளக்கு ஆறு மணி நேரம். புது மீன் ஒரு மாதத்துக்கு வேண்டாம்.

கிரிப்டோகோரைன் உங்களைப் பயமுறுத்தும். கடைகளில் அதிகம் கிடைக்கும் வென்டியை, பெக்கட்டியை வகைகள் இலங்கையின் ஓடைகளைச் சேர்ந்தவை. இடம் மாறினால் இலைகளை மொத்தமாகக் கூழாக்கி உதிர்க்கும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். கூழான இலையை மட்டும் எடுங்கள். கிழங்கு கெட்டியாக இருந்தால் சில வாரத்தில் துளிர்க்கும். வாலிஸ்நேரியாவின் பழைய காட்டு வேகம் குறையலாம், தண்ணீர் மென்மையாவதன் விளைவு அது. ஸ்வார்டின் வெளிறிய இலைகள் பச்சையாக மாறாது. அடுத்து வரும் இலையைப் பாருங்கள், அதுதான் தீர்ப்பு. வேர் மாத்திரையை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மணலுக்கும் மாத்திரைக்கும் முன்னால் அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்குங்கள். காகிதப் பட்டை வேண்டாம், சொட்டு மருந்து வகை போதும். அது வீட்டுக்கு வந்து, ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒரு மாதம் ஓடும் வரை, கடைக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் கல்லில் கை வைக்காதீர்கள்.